தினமும் தண்ணீர் ஊற்றினால் கள்ளிச்செடி ஏன் அழுகுகிறது?

ரோஜாவுக்கு ஊற்றும் கையோடு பக்கத்துத் தொட்டிக் கள்ளிக்கும் ஒரு குவளை ஊற்றியிருப்பீர்கள். சில வாரங்களில் அடித்தண்டைத் தொட்டால் கனிந்த வாழைப்பழம்போல அமுங்கும். ஆசையாக வளர்த்த செடி, பாவம்!

ஏன் இப்படி?

சித்திரை வெயிலில் நாம் என்ன செய்கிறோம்? பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திவைத்து, இருட்டியதும் திறந்துவிடுகிறோம். கள்ளியும் அதையே செய்கிறது. அதன் தோலில் உள்ள நுண்துளைகள் பகலில் மூடிக்கொள்ளும்; இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும்.

ஆனால் உணவு சமைக்க வெளிச்சம் வேண்டுமே? அதனால் இழுத்த வாயுவை அமிலமாக மாற்றி, விடியும்வரை சேமித்துவைக்கிறது. பகலில் அதை எடுத்துச் சமைக்கிறது.

இந்த அமிலத்தை நாக்கே காட்டிக்கொடுக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சப்பென்று ஆவதையும் மென்று பார்த்தே கண்டறிந்தார். அவருடைய கடிதம் 1813-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். பல கள்ளிகளின் பால் நஞ்சு.

துளைகள் பகலில் மூடியிருப்பதால் தண்ணீர்ச் செலவே குறைவு. ஊற்றுவதெல்லாம் மண்ணில் தேங்கும். மண்துகள்களுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறும். வேர் மூச்சுத்திணறும், பூஞ்சை புகுந்துவிடும்.

யூக்காவுக்கும் கற்றாழைக்கும்கூட ஈரம் தேங்கக் கூடாது. தொட்டியில் பாதிக்குப் பாதி பருமணல் கலந்து, அடியில் துளை போடுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று ஊற்றாதீர்கள்.