கைக்கு மீண்ட வேல்

சென்ற மாதம் ஒருநாள் மாலை, பண்டிதர் தேர்வில் தவறிய மாணவர் ஒருவர் உப்புவெளிக் கடற்கரையில் என்னோடு உலாவி வந்தார். "எழுதாமலே இருந்திருந்தால், எழுதினால் தேறுவான் என்றாவது ஊரார் எண்ணியிருப்பர் ஐயா. இப்பொழுது அதுவும் போயிற்று" என்றார்.

நகைத்துத் தள்ளத்தக்க கூற்றன்று இது. முயலாதவனிடம், 'என்னால் முடியும்' என்னும் எண்ணம் ஒரு பழுதுமின்றி இருக்கும். முயன்று தோற்றவன் அதனை இழந்தே விடுகின்றான்.

தெற்கே கோணேசர் மலை தெரிந்தது. "அம்மலைக்கு அப்பாலுள்ள கொட்டியாரக் குடாவை அறிவீரன்றோ?" என்று வினவினேன். 1659ஆம் ஆண்டு நவம்பர்ப் புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பழுதுபார்க்க ஒதுங்கிய இடம் அது. அடுத்த ஆண்டு கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள், மாலுமிகள் பதினாறுபேரைச் சிறைப்பிடித்தனர். அவருள் கப்பற்றலைவரும், அவர் மகனாகிய பத்தொன்பது வயது இராபர்ட் நொக்சும் இருந்தனர். தந்தையார் 1661இல் காய்ச்சலால் மாண்டார்.

சிறையென்றால் விலங்கன்று. ஊர்களிற் பிரித்து வைக்கப்பட்டனர், ஊரார் சோறிட்டனர். பலர் அங்கேயே மணம்புரிந்து குடியமர்ந்தனர். அவரைக் கோழைகள் என்றுரைக்க எனக்கு நாவெழவில்லை. கிடைத்த வாழ்வை அவர் வாழ்ந்தனர். நொக்சு மணம் செய்யவில்லை. தொப்பி பின்னினார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், பண்டங்களைச் சுமந்து விற்கும் சாட்டில் வடதிசை நோக்கி வழி தேடினார். மழை பொய்த்துக் காட்டில் நீரில்லாமையால் திரும்பினார். மீண்டும் சென்றார், மீண்டும் திரும்பினார். இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்தன.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. போய்ப்போய்த் திரும்பியதனாலேயே அப்பக்கத்து மக்களுக்கு அவர் பழகிய வியாபாரியானார். 1679 செப்டம்பரில் தோழர் ஒருவருடன் இறுதியாகப் புறப்பட்டபொழுது ஐயுற்றவர் இலர். அநுராதபுரத்தை அடைந்து, நாம் அருவியாறு என வழங்கும் மல்வத்து ஓயாவின் கரைவழியே காடு கடந்து, அக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது இலங்கை நூல் அக்காலத்துக் கண்டி வாழ்வை அறிய இன்றும் உதவுகின்றது.

"அரிப்பை அடையுமுன் யானை மிதித்திருந்தால்?" என்றார் மாணவர்.

நல்ல வினா! யானை என்றதும் எனக்குப் படைச்செருக்கு நினைவுக்கு வந்தது. முயலும் யானையும் வரும் அக்குறளில் யானை வீழவில்லை. வேல் தவறியே போயிற்று. எனினும் வள்ளுவர் அங்கே 'ஏந்தல்' என்கின்றார். எறிந்த வேல் மீளவும் கையில் இருக்கின்றதெனின், எறிந்தவன் யானை நின்ற பக்கமே சென்று அதனை எடுத்திருத்தல் வேண்டும். இஃது உரையாசிரியர் கூறிய பொருளன்று, அடியேன் கருத்து. கொள்வார் கொள்க.

யானும் அத்தேர்வில் ஒருமுறை தவறியவனே. இதுகாறும் எவர்க்கும் சொன்னதில்லை. தவறிய செய்தியைத் தாங்கிக்கொண்டேன். அதன்பின் நாணத்தால் எழுதாதுவிட்ட மூன்று ஆண்டுகளே இன்றும் உறுத்துகின்றன. அம்மூன்றாண்டிலும் காரிகையைத் தொட்டேனில்லை.

மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பேருந்துத் தரிப்பிடத்தை அணுகியபொழுது, "ஐயாவுக்கு எந்தப் பாடத்தில் தவறிற்று?" என்று கேட்டார்.

"யாப்பில்" என்றேன்.

"எனக்கும் அதுதான்" என்றார்.