கடன் கொப்பிக்குப் பல சாட்சிகள்

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பகுதி நெல் வட்டைகளை நம்பி வாழ்வோருக்குக் கடன் கொப்பியைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. விதைப்புக் காலத்தில் பசளையும் கிருமிநாசினியும் கடனாகப் பெறப்படுகின்றன. அறுவடை முடிந்ததும் நெல்லாகவோ பணமாகவோ அக்கடன் தீர்க்கப்படுகின்றது. இடைப்பட்ட மாதங்களில் கணக்கு இருப்பது கடைக்காரரின் கொப்பியிலேதான். அதில் ஓர் ஒன்று ஏழாகிவிட்டால் கமக்காரர் எதைக் காட்டி வாதாடுவார்? வணிகரிற் பெரும்பாலோர் நேர்மையாளரே. ஆயினும், தம் நேர்மையை மெய்ப்பிக்க அவர்களிடமும் அக்கொப்பியன்றி வேறில்லை!

கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் பணிப்பதே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை இவ்வூரார் அறிவர். அச்சாட்சிகளைப் பெருக்கும் ஒரு வழியே ‘புளொக்செயின்’ எனும் சங்கிலிக் கணக்கு. ஒரே ஏட்டின் பிரதி பலருடைய கணினிகளில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கணித முறையால் ஒரு முத்திரை எண் பெறப்பட்டு, அடுத்த பக்கத்தின் தலையிற் பொறிக்கப்படும். பழைய பக்கத்தில் ஓரெழுத்தை மாற்றினும் முத்திரை பொருந்தாது. பின்வந்த பக்கங்கள் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008இல் வெளியான பிட்கொயின் கட்டுரையாலேயே இம்முறை புகழ் பெற்றது. எனினும், 1991இலேயே இதற்கு விதையிட்டவர்கள் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெட்டா என்னும் அறிஞர் இருவர். அவர்கள் வகுத்த முறைப்படி, 1995 முதல் வாரந்தோறும் ஒரு முத்திரை எண் ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகையின் சிறு விளம்பரங்களிடையே அச்சாயிற்று. வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிட்ட பத்திரிகையை யாரால் திருத்த முடியும்? பத்திரிகைக்காரராகிய நமக்கு இதிற் சற்றுப் பெருமையும் உண்டு.

இலங்கை வயலுக்கும் இது வந்திருக்கின்றது. 2019இல் ஒக்ஸ்பாம், ஏயொன், எதரிஸ்க் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 200 நெற்கமக்காரருக்கு இம்முறையிற் பயிர்க் காப்புறுதி வழங்கின. வானிலைப் பதிவு குறித்த எல்லையைத் தாண்டினால் இழப்பீடு தானாகவே தீர்மானமாகும். அதிகாரி வந்து வயலைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால், தராசிற் குறைத்து எழுதப்பட்ட நெல் நிறையையும் இச்சங்கிலி அதே உறுதியுடன் காத்து நிற்கும் என்பதை மறத்தலாகாது. முதற் பதிவு பொய்யாயின், பிரதிகள் ஆயிரம் இருந்தும் என்ன பயன்? மூட்டை தராசில் ஏறும்போது கமக்காரர் அருகில் நிற்க வேண்டும். தம் கைபேசியில் அவர் ஒப்புக்கொண்ட பின்னரே நிறை ஏட்டில் ஏற வேண்டும். கமக்காரர் அமைப்பொன்றும் இரண்டொரு பசளைக் கடைகளும் முன்வந்தால், வரும் பெரும்போகத்திலேயே இதனைச் சிறு அளவிற் செய்து பார்க்கலாம்.