பாகு பட்ட தோலை ஏன் சீவி எடுக்கிறார்கள்?

கொடுமுடிப் பக்கத்துக் கரும்பாலைக் கொப்பரையில் வெல்லப்பாகு 115 டிகிரி செல்சியஸையும் தாண்டும். வெந்நீர் வழிந்துவிடும், பாகோ ஒட்டிக்கொண்டு உள்தோல்வரை வேகவைக்கும். மயிர்க்கால்களில் மிஞ்சிய செல்கள்தான் புதுத்தோலை வளர்ப்பவை. அவையும் வெந்தால், புண் ஓரங்களிலிருந்து மட்டுமே மூடவேண்டும். மூன்று வாரத்துக்குமேல் ஆறாத புண்ணில் அழற்சி நீடித்து, கொலாஜன் மிகுந்து, தழும்பு தடிக்கும். மூட்டு மடங்கி இறுகும்.

அதனால் காத்திருப்பதில்லை. யுகோஸ்லாவியாவின் மரிபோர் நகர மருத்துவர் சோரா யான்செகோவிச் 1970இல் வெளியிட்ட முறைப்படி, முதல் சில நாள்களிலேயே, ரத்தம் புள்ளிபுள்ளியாகக் கசியும்வரை வெந்த தோலைச் சீவுகிறார்கள். பிறகு தொடையிலிருந்து கால் மில்லிமீட்டர் தடிமனில் எடுத்த தோலை ஒட்டுகிறார்கள். முகத்துக்கு முழுத்தாளாகவே ஒட்டுகிறார்கள், ஏனென்றால் வலைபோல் விரித்து ஒட்டினால் அந்தத் தடம் பின்னாளிலும் தெரியும். தழும்பே வராது என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. அழுத்த உடுப்பும் பயிற்சியும் மாதக்கணக்கில் தேவை.

சுட்டவுடன் பேனா மையும் பற்பசையும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த்தண்ணீர்.