ஆடாமல் வென்ற தலைவர்

ஹாக்கி என்றதும் தயான் சந்தின் பெயரே நம் நாவில் முதலில் வரும். பந்தை அடித்தவரை நாம் அறிவோம். ஆனால் அணியை ஒன்று சேர்த்து, பயிற்சிக்கும் பயணத்துக்கும் வழிசெய்தவர்களை அறிவோமா? அத்தகையோருள் ஒருவரே நவல் டாட்டா.

1904ஆம் ஆண்டு பிறந்த இவர் செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தை அகமதாபாத்தில், நம் மதுரை ஹார்வி மில்லைப் போன்றதொரு நூற்பாலையில் பணிபுரிந்தார். நவலுக்கு நான்கு வயதானபோது தந்தை காலமானார். தாய் பூத்தையல் செய்து குடும்பத்தைக் காத்தார். வறுமையின் காரணமாக நவல் பார்சி அநாதை இல்லத்தில் வளர்ந்தார். பதின்மூன்றாம் வயதில் சர் ரத்தன் டாட்டாவின் துணைவியார் நவாஜ்பாய் அம்மையார் அவரைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டார்.

பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற நவல், 1930இல் டாட்டா நிறுவனத்தில் எழுத்தராகவே சேர்ந்தார். பின்னர் நூற்பாலைகளையும் மின்சார நிறுவனங்களையும் நிர்வகித்தார். அவர் வழக்கறிஞர் அல்லர். ஆயினும் தொழிலாளர் சட்டங்களில் ஆழ்ந்த அறிவுடையவர். 1919இல் தோன்றிய உலகத் தொழிலாளர் நிறுவனத்தில் அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூவரும் ஒன்றாக அமர்ந்து பேசுவர். அங்கு முதலாளிகளின் பிரதிநிதியாக அவர் நெடுங்காலம் பணியாற்றினார்.

இந்திய ஹாக்கி சம்மேளனத்தின் தலைவராகவும் பல்லாண்டுகள் விளங்கினார். அது எளிய காலமன்று. 1947இல் நாடு பிரிந்தது. சிறந்த ஆட்டக்காரர் சிலர் பாகிஸ்தானுக்கு உரியவராயினர். மறுஆண்டே லண்டன் ஒலிம்பிக். புதிய அணியைத் திரட்ட வேண்டியிருந்தது. அந்த அணி இறுதி ஆட்டத்தில் நம்மை ஆண்ட பிரிட்டனையே 4–0 என வென்றது! 1952இல் ஹெல்சிங்கியில் நெதர்லாந்தை 6–1 எனவும், 1956இல் மெல்போர்னில் பாகிஸ்தானை 1–0 எனவும் வென்று இந்தியா தங்கம் பெற்றது. இம்மூன்று வெற்றிகளின்போதும் சம்மேளனத் தலைவர் நவல் டாட்டாவே.

1969இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1989இல் மறைந்தார். தொழிலதிபர் ரத்தன் டாட்டா இவருடைய மகனே.

தோழியரே, பதக்கம் ஆட்டக்காரரின் கழுத்தில் விழுகிறது. நிர்வாகிக்குப் பதக்கம் இல்லை. வேர் வெளியே தெரிவதில்லை; ஆயினும் வேரின்றி மரமில்லை. நம் விளையாட்டு விழாவிலும் கோடு போடுபவர், தண்ணீர் சுமப்பவர், பெயர்ப்பட்டியல் எழுதுபவர் உண்டு. ஓடி வென்றவரைப் பாராட்டும்போது அவர்களையும் நினைப்போம். அநாதை இல்லத்துச் சிறுவனும் ஒரு நாட்டின் வெற்றிக்குத் துணைநிற்க முடியுமெனில், பேரையூர்ச் சிற்றூரில் பயிலும் நம்மாலும் முடியும் என நம்புவோமாக!