இதயமும் குடலும்

நுழையும்முன்

உடலின் உறுப்புகள் தனித்தனியே இயங்குவனபோலத் தோன்றினும், ஒன்றன் நலிவு மற்றொன்றையும் தாக்கும். பிறவி இதயக்குறைக்கு அறுவைச் சிகிச்சை பெற்ற குழந்தையின் நலம் அதன் குடலையும் சார்ந்திருப்பதை இப்பாடம் விளக்குகிறது.

குறையும் சிகிச்சையும்

பிறக்கும் 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 8 குழந்தைகளுக்கு இதய அமைப்பில் குறை காணப்படுகிறது. குழந்தைகளின் உடல்நலப் பரிசோதனைக்கென நடுவண் அரசு 2013இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவினர், குத்தாலம் போன்ற காவிரிக்கரை ஊர்களிலும் இத்தகைய குழந்தைகளைக் கண்டறிய முடிகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுடைய குடும்பங்களின் செலவுச் சுமையைக் குறைக்கிறது. அறுவை முடிந்து வீடு திரும்பியதும் இடர் நீங்கிவிட்டதெனப் பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆனால், கவனம் தேவைப்படும் காலம் அதன்பின்னும் தொடர்கிறது.

முதல் நாள்கள்

இதயம் செலுத்தும் குருதியின் அளவு குறையும்போது, மூளையையும் இதயத்தையும் காப்பதற்காக உடல் குடலுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துக்கொள்கிறது. இதனால் பச்சிளங்குழந்தையின் குடற்சுவர் அழற்சியுற்றுச் சிதையலாம். வயிறு உப்புதல், பச்சைநிற வாந்தி, மலத்தில் குருதி ஆகியன இதன் அறிகுறிகள். மருத்துவர்கள் வாய்வழி உணவை நிறுத்தி, சிரைவழியாக ஊட்டமும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் செலுத்துவர். குடலில் துளை விழுந்தால் அறுவை தேவைப்படும். குடல் தேறியபின் தாய்ப்பால் சிறிது சிறிதாகத் தரப்படும்.

ஆண்டுகள் கடந்தபின்

பிரான்சின் போர்டோ நகர மருத்துவர் பிரான்சிஸ் ஃபோன்டான் 1968இல் ஓர் அறுவை முறையை உருவாக்கினார். குருதியைச் செலுத்தத்தக்க கீழறை ஒன்றே உடைய குழந்தைகளுக்கு இம்முறை இன்று பயன்படுகிறது. இதில் உடலிலிருந்து திரும்பும் குருதி, இதயத்தின் உந்துதலின்றி நேரே நுரையீரலை அடைகிறது. இதனால் சிரைகளில் அழுத்தம் மிகுகிறது. சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் குடலின் நிணநீர் நாளங்கள் விரிந்து, புரதம் மலத்தோடு வெளியேறுகிறது. குருதியில் அல்புமின் குறைவதால் முகம், வயிறு, கால்கள் வீங்குகின்றன. வீக்கத்தால் கூடும் எடையை வளர்ச்சியெனக் கருதிவிடலாகாது.

தெரிந்து தெளிவோம்

உணவிலுள்ள பெரும்பாலான கொழுப்பு நிணநீர்வழிச் செல்கிறது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்போ நேரே கல்லீரலை அடைவதால் நிணநீர் நாளங்களின் சுமை குறைகிறது. தேங்காய் எண்ணெயில் இவ்வகைக் கொழுப்பு ஓரளவு உண்டு. எனினும், கொழுப்பைக் கட்டுப்படுத்தினால் உயிர்ச்சத்துகள் குறையக்கூடும். எனவே உணவின் அளவை மருத்துவரே வகுத்தல் வேண்டும்.

உணவே மருந்து

புரதம் மிகுந்த உணவு, குடல் அழற்சியைத் தணிக்கும் மருந்து, குருதிப்பாதையின் தடையை நீக்குதல் எனச் சிகிச்சை பலவகைப்படும். இவை பயன்தராதபோது இதய மாற்று அறுவை எண்ணிப் பார்க்கப்படும். நெல் விளையும் நம் நாட்டில் நோயுற்ற குழந்தைக்குக் கஞ்சியைப் பத்திய உணவாகத் தருவது வழக்கம். புரதத்தை இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்குக் கஞ்சி மட்டும் போதாது. முட்டையின் வெண்கரு, பருப்பு, மீன், கொழுப்பு நீக்கிய பால் ஆகியவற்றை மருத்துவர் கூறும் அளவில் சேர்த்தல் வேண்டும். வீக்கமோ நீங்காத வயிற்றுப்போக்கோ தோன்றின், கைமருந்தில் காலம் கழிக்காது இதய மருத்துவரை நாடுதல் வேண்டும். அறுவை அரங்கில் மீட்ட உயிரை அடுக்களையிலும் காக்க வேண்டும்.