கடலாடி – 7: கட்டையை விடு!

2024 ஒலிம்பிக்கில் பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட் சர்ஃபிங் சேர்ந்தாலும் சேர்ந்தது, ‘நீங்கள் எழுதும் கார் நிக்கோபார் தீவிலேயே போய்ப் பழகலாமா?’ என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முடியாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி அது காப்பகப் பகுதி. அனுமதிச் சீட்டு இல்லாத வெளியார் கால் வைக்க முடியாது. அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

சட்டம் கிடக்கட்டும்; புதிதாகப் பழகுகிறவருக்கு அந்தக் கடலே ஆகாது. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்துவிட்டால், மேற்குக் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்தின் மேல் ஏறும். கரையை ஒட்டிப் பவளப்பாறை, அதன் மேல் உடையும் அலை. பட்டம் கைமீறினால் பாறை, பாறைக்குத் தப்பினால் தென்னை. கிழக்குக் கரையிலோ அதே நாளில் தண்ணீர் சாதுவாகத் தெரியும். அதை நம்பி இறங்குவதுதான் பெரிய ஆபத்து. அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். கிழக்கே அடுத்த பெருங்கரை சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, தாய்லாந்தில்!

எனவே காற்றின் வேகத்தை விசாரிக்கும் முன் அது கரைக்கு எந்தச் சாய்வில் அடிக்கிறது என்று பாருங்கள். பக்கவாட்டில், கொஞ்சம் கரையை நோக்கிச் சாய்ந்து வந்தால் நல்லது.

நமக்கு ராமநாதபுரம் மாவட்டம் இருக்கிறது. ராமேஸ்வரத்திலும் உச்சிப்புளிப் பக்கம் பிரப்பன்வலசையிலும் கற்றுத்தருகிறார்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்றா, வாடையா என்று பார்த்துக் கரையை மாற்றிக்கொள்ளலாம். பல இடங்களில் ஆழமும் குறைவு. விழுந்தால் எழுந்து நிற்கலாம்.

முதல் நாளே பலகை மேல் நிற்கும் கனவோடு வராதீர்கள். முதலில் மணலில் சின்னப் பட்டம். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தலைக்கு மேலே 12 மணி. இடம் வலம் 9, 3. இந்த விளிம்புகளில் பட்டம் சாதுவாக நிற்கும். நேர் எதிரே, நடுவில் இறங்கியதோ, மஞ்சுவிரட்டுக் காளைதான். காற்று 12 நாட் வேகத்திலிருந்து 24 நாட் ஆனால் இழுப்பு இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. பிறகு பலகையில்லாமல், பட்டம் இழுக்க உடலால் தண்ணீரில் போகும் பயிற்சி. கைவிட்டுப்போன பலகையை மீட்க அதுதான் வழி.

பயிற்சியாளர்கள் தொண்டை வறளக் கத்துவது ஒன்றே: ‘கட்டையை விடு!’ பயந்தால் கை தானாக இறுகும். பட்டத்தின் நூல்கள் வந்து சேரும் கைக்கட்டையை நெஞ்சோடு சேர்த்து இழுப்போம். அப்படி இழுக்க இழுக்கப் பட்டம் இன்னும் காற்றைப் பிடிக்கும். விட்டால் கட்டை தள்ளிப்போகும், இழுப்பு தளரும். நூல் இடுப்புப்பட்டையில் மாட்டியிருப்பதால் பட்டம் பறந்துவிடாது. அதற்கும் அடங்காவிட்டால், இடுப்புக்கு முன்னால், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், ஓர் அவசரப் பிடி உண்டு. உடலைவிட்டு வெளியே தள்ளினால் பட்டம் வலுவிழந்து விழும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொடத் தெரியும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம்.

நீச்சலும் தலைக்கவசமும் சொல்லாமலே தெரிந்தவை. பணம் கட்டுமுன் மீட்புப் படகு இருக்கிறதா, ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். வலை போட்டிருக்கும் பக்கம் போகவே போகாதீர்கள்: இருபது மீட்டருக்கு மேல் நீளும் உங்கள் நூல் அதில் சிக்கினால் அன்றைய பிழைப்பு போவது மீனவருக்கு.