சார்த்தரிடம் யோசனை கேட்ட மாணவன்

பாரீஸ் ஜெர்மானியரின் பிடியில் இருந்த காலம். பிரெஞ்சுத் தத்துவவாதி ழான் பால் சார்த்தரைத் தேடி மாணவன் ஒருவன் வந்தான். 1940-இல் ஜெர்மன் தாக்குதலில் அவனுடைய அண்ணன் இறந்திருந்தான். அப்பா எதிரிகளோடு ஒத்துப்போகத் தயாராக இருந்தார். அதனால் அம்மாவுக்கும் அவருக்கும் ஆகவில்லை. அம்மாவுக்கு மிச்சம் இந்தப் பிள்ளை மட்டும்தான். இங்கிலாந்துக்குத் தப்பிப்போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, அம்மாவுக்குத் துணையாக வீட்டிலேயே இருப்பதா என்று கேட்டான்.

சார்த்தர் தீர்ப்புச் சொல்லவில்லை. 1945 அக்டோபரில் பாரீஸில் ஆற்றிய உரையில் காரணத்தை விளக்கினார். பிறரை நேசி என்கிறது மதம். அந்தப் பிறர் யார், அம்மாவா, போர்வீரர்களா? மனசு சொல்வதைக் கேட்கலாம் என்றால், அம்மா மேலுள்ள பாசம் எவ்வளவு என்பதே அவளோடு தங்கிய பிறகுதான் தெரியும். பெரியவர் ஒருவரிடம் யோசனை கேட்டாலும் தப்பிக்க முடியாது. ஜெர்மானியருக்குச் சாதகமான பாதிரியாரிடம் போனால் ஒரு பதில், எதிர்ப்பியக்கத்துப் பாதிரியாரிடம் போனால் வேறு பதில். யாரிடம் போவது என்று முடிவெடுக்கும்போதே பாதிப் பதிலை நாமே சொல்லிவிடுகிறோம். ஜோசியரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்!

மனிதன் இன்ன வேலைக்கென்று முன்கூட்டியே செய்துவைக்கப்பட்டவன் அல்ல, செய்கிற காரியங்களால்தான் அவன் உருவாகிறான் என்பது சார்த்தர் பேசிய இருத்தலியல் என்ற தத்துவத்தின் அடிப்படை. வாழ்க்கைக்கு அர்த்தமும் அப்படித்தான் வருகிறது.

அப்படியானால் யாரும் எதையும் செய்யலாமா? இதற்கு அந்த உரையில் சார்த்தர் தரும் பதில் எனக்குக் கொஞ்சம் மெலிவாகவே படுகிறது. வலுவான பதில், 1947-இல் அறம் பற்றித் தனி நூலே எழுதிய தத்துவவாதி சிமோன் த பொவாருடையது. என் சுதந்திரம் பிறருடைய சுதந்திரம் இல்லாமல் நிலைக்காது என்கிறார் அவர். நான் தொடங்கும் காரியத்தை ஏற்கவோ மறுக்கவோ தொடரவோ சுதந்திரமான மனிதர்கள் வேண்டும். ஆகவே, அடக்குகிறவன் தன் சுதந்திரம் பறிபோகிறது என்று புலம்பினால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வெளியே வேறு வாழ்க்கை உண்டு என்பதே தெரியாமல் அடிமையாக வைக்கப்பட்டவர்களை அவர் குறை சொல்லவில்லை. வழி தெரிந்த பிறகும் கட்சி, பதவி, தேசம் என்று எதன் பின்னாலாவது ஒளிந்துகொள்கிறவர்களைத்தான் சாடுகிறார்.

படிக்க விரும்புகிறவர்கள், 1946-இல் சிறு நூலாக வந்த அந்த உரையில் தொடங்குங்கள், அடுத்து பொவார். எழுநூறு பக்கத்தைத் தாண்டும் சார்த்தரின் ‘இருத்தலும் இன்மையும்’ நூலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.